விருந்தும் விருந்தினரும்: ‘ஃபெஸ்டன்’ திரைப்படத்தை எதிர்கொண்ட பார்வையாளர் வரலாறு

அறுபதாண்டு நிறைவைச் சுற்றமும் நட்பும் சூழக் கொண்டாடுவது தமிழர்க்குப் புதிதன்று. மணிவிழா நாயகரை மாலையிட்டு அமர்த்தி, ஒருவர்பின் ஒருவராக எழுந்து வாழ்த்துரை கூறி, வாழ்த்துப்பா வாசித்து, மலர் வெளியிட்டு, விருந்துண்டு கலைவது இங்கு வழக்கம். அவ்வவையில் நாயகரின் குறைகளைக் கேட்க எவரும் வருவதில்லை. டென்மார்க்கு நாட்டிலும் நிலைமை பெரிதும் இதுவே. ஐம்பது, அறுபது என முழுமையாக முடியும் பிறந்தநாள்கள் அங்குத் தனிச்சிறப்புடன் கொண்டாடப்பெறுகின்றன. நீண்ட மேசையின் இருபுறமும் விருந்தினர் அமர்வர். விருந்தை நெறிப்படுத்தி நடத்தித்தர ஒருவர் இருப்பார். பேச விரும்புபவர் தம் கண்ணாடிக் கிண்ணத்தைக் கரண்டியால் மெல்லத் தட்டி எழுவார். அந்நாளுக்கென்றே புனையப்பட்ட பாட்டுகளைப் பழகிய மெட்டில் அனைவரும் கூடிப் பாடுவர்.

இத்தகைய விருந்தொன்றில் மூத்த மகன் கிண்ணத்தைத் தட்டி எழுகின்றான். தந்தை தன்னையும், தன்னோடு இரட்டையராய்ப் பிறந்து அண்மையில் தற்கொலை செய்துகொண்ட சகோதரியையும், குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்தினார் என்பதை உயராத குரலில் சொல்லிவிட்டு அமர்கின்றான். இதன்பின் அவ்வவை என்ன செய்யும்? இவ்வொற்றை வினாவின்மேல் எழுந்ததே தாமஸ் விண்டர்பெர்க் இயக்கி 1998இல் வெளிவந்த ‘ஃபெஸ்டன்’ என்னும் டேனிஷ் திரைப்படம். அச்சொல்லுக்கு ‘அந்த விழா’ என்று பொருள். படம் எழுப்பிய வினா திரைக்குள் இருந்த அவையோடு நின்றுவிடவில்லை. திரைக்கு எதிரே இருளில் அமர்ந்திருந்த அவையையும் அது தொட்டது. அவ்விரண்டாம் அவை அப்படத்தை எவ்வாறு எதிர்கொண்டது என்பதன் வரலாறே ஈண்டு நோக்கப்படுகிறது.

உறுதிமொழியும் யாப்பும்

1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரிசு நகரின் ஒதேயோன் அரங்கில், திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. அதில் பேச அழைக்கப்பட்டிருந்த டேனிஷ் இயக்குநர் லார்ஸ் வான் டிரையர், கட்டுரை எதனையும் படிக்காமல் ஓர் அறிக்கையைப் படித்தார். சிவப்புத் தாளில் அச்சிட்ட அதன் படிகளை அவையினர்மீது வீசிவிட்டு வெளியேறினார். அதுவே ‘டோக்மா 95’ அறிக்கை. வான் டிரையரும் விண்டர்பெர்க்கும் கூடி இயற்றிய அதனுடன் பத்து விதிகளைக் கொண்ட உறுதிமொழி ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கற்பு உறுதிமொழி’ என்பதாகும். பெயரில் குறும்பு இருந்தது. விதிகளில் குறும்பு இல்லை.

படப்பிடிப்பு நிகழிடத்திலேயே நடைபெறல் வேண்டும். வெளியிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தல் கூடாது. ஒலியைப் படத்தினின்று பிரித்துத் தனியே உருவாக்கல் ஆகாது. ஆதலின் காட்சி நிகழும் இடத்தில் இசைக்கப்பட்டாலன்றிப் பின்னணி இசைக்கு இடமில்லை. ஒளிப்படக்கருவியைக் கையிலேயே ஏந்துதல் வேண்டும். சிறப்பு விளக்கொளி விலக்கப்பட்டது. கொலை, படைக்கருவி போன்ற மேலோட்டமான பரபரப்புகளும் விலக்கப்பட்டன. கதை இன்றே இங்கேயே நிகழ்வதாதல் வேண்டும். இறுதி விதி, இயக்குநரின் பெயர் படத்தில் இடம்பெறலாகாது என்பது. பாடல் நிலைத்துப் பாடினோர் பெயர் மறைந்த மரபொன்றை அறிந்த தமிழ்ப் புலவர்க்கு இவ்விறுதி விதி வியப்பளிக்காது. ஆயினும் அங்குப் பெயர் காலத்தால் மறைந்தது. இங்கு வேண்டுமென்றே மறைக்கப்பட்டது. அவ்வாறு மறைத்ததனாலேயே உலகெங்கும் அறியப்பட்டது என்பது வேறு செய்தி.

இவ்விதிகளை வெறும் விளம்பர உத்தி என்று தள்ளியோர் அன்றும் இருந்தனர். எனினும் யாப்பின் பயனை உணர்ந்தோர் அவ்வாறு எளிதில் தள்ளார். தளை தட்டாமல் நடக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடே சில வேளைகளில் புலவனை அவன் எண்ணியிராத சொல்லின்முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. விண்டர்பெர்க்கிற்கு நேர்ந்ததும் இதுவே எனலாம். இசையால் அழவைக்க இயலாது. ஒளியால் அழகூட்ட இயலாது. எஞ்சியவை முகங்களும் சொற்களுமே. இளைஞராகிய அவர், தம் திரைப்படப் பள்ளி ஆசிரியர் மோகன்ஸ் ரூகோவுடன் இணைந்து திரைக்கதை எழுதினார். சீலாந்துத் தீவில் ரிங்ஸ்டெட் நகரை அடுத்துள்ள ஷோல்டனஸ்ஹோம் என்னும் பழைய மாளிகையே கதை நிகழும் குடும்ப விடுதியாயிற்று. ஒளிப்பதிவாளர் அந்தோனி டாட் மாண்டில், உள்ளங்கையில் அடங்கத்தக்க சிறிய சோனி வீடியோ கருவியால் படம் பிடித்தார். பின்னர் அது 35 மி.மீ. படச்சுருளுக்கு மாற்றப்பட்டது. திருமண வீடுகளில் மாமன் மைத்துனர் எடுக்கும் வீடியோவைப் போலப் புள்ளிபுள்ளியாய், நிறம் மங்கி, சற்றே நடுங்கும் படிமம் அதனால் விளைந்தது. பார்வையாளர் தம் சொந்தக் குடும்ப விழாக்களைக் கண்டு பழகிய படிமமும் அதுதான். எனவே கதை தொடங்குமுன்னரே அவர்கள் உறவினராகிவிட்டனர்.

விதிமீறல்கள் சிலவற்றை விண்டர்பெர்க் பின்னர் எழுத்தாலேயே ஒப்புக்கொண்டார். ஒரு காட்சியில் சாளரத்தைக் கருந்துணியால் மறைத்தது, இல்லாத வரவேற்பு மேசையொன்றை அமைக்கச் செய்தது, மூத்த மகன் கையிலிருந்த கைப்பேசி அந்நடிகருக்கு உரியதன்று என்பது முதலியன அவ்வொப்புதலில் அடங்கும். தன் சிறு குற்றங்களை இவ்வளவு நுணுக்கமாக அறிக்கையிட்ட ஒரு படத்தின் நாயகர், தம் பெருங்குற்றத்தை ஒரு விருந்து முழுதும் ஒப்புக்கொள்ள மறுத்து அமர்ந்திருக்கிறார்.

மேசையில் இருந்தோர்

படத்தின் முதல் பார்வையாளர் விருந்தினரே. ஹெல்கே என்னும் விடுதி உரிமையாளரின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அவர்கள் வந்திருக்கின்றனர். பாரிசில் உணவகம் நடத்தும் மூத்த மகன் கிறிஸ்டியன், முரட்டு இளையவன் மிக்கேல், மகள் ஹெலன ஆகியோரும் வந்துள்ளனர். கிறிஸ்டியன் எழுந்து, கையில் இரண்டு உரைகள் உள்ளன, ஒன்று பச்சைத் தாள், மற்றொன்று மஞ்சள். எதனைப் படிக்கலாம் எனத் தந்தையையே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றான். அவர் பச்சையைத் தேர்கின்றார். மஞ்சள் தாளில் என்ன இருந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை.

பச்சைத் தாள் உரை வாழ்த்துரையாகவே தொடங்குகிறது. குழந்தைப் பருவக் குறும்புகள், விடுதியில் ஓடியாடிய நாள்கள் என நகர்ந்து, தந்தை குளிக்கச் செல்லும் வழக்கத்தை நகைச்சுவை போல எடுத்து, நடந்ததைச் சொல்லி முடிகிறது. தொல்காப்பியர் வாழ்த்தின் வகைகளுள் வாயுறை வாழ்த்து என ஒன்றைக் கூறுவார். முதலில் கசந்து பின்னர் நலம் பயக்கும் கடுஞ்சொற்களால் ஆனது அது. கிறிஸ்டியனின் உரையை அவ்வகையில் அடக்கலாமோ என எண்ணத் தோன்றும். ஆனால் வாயுறை, கேட்போன் நலம் கருதியது. கிறிஸ்டியன் தந்தையின் நலம் கருதிப் பேசவில்லை. வாழ்த்தின் வடிவத்தை மட்டும் கடன் வாங்கி, இறந்தவளின் சார்பில் அவன் சான்று கூறுகிறான்.

அவையினர் என்ன செய்தனர்? எவரும் எழுந்து செல்லவில்லை. எவரும் ஹெல்கேயை நோக்கி இது மெய்யா என வினவவும் இல்லை. சிறிது நேரம் சங்கடமான அமைதி. பின்னர் முதியவர் ஒருவர் எழுந்து, தமக்கு வழக்கமான வேடிக்கைக் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். உணவு வருகிறது. கரண்டிகள் மீண்டும் ஒலிக்கின்றன. சொல்லப்பட்டது சொல்லப்படாததாக ஆகிவிடுகிறது. படத்தின் மிகக் கொடிய காட்சி இதுவே என்பதில் ஐயமில்லை. மறுப்பாரேல் வாதிடலாம், வைதால் எதிர்த்து நிற்கலாம், கேட்டும் கேளாதார் போல் உண்ணத் தொடங்குவோரை என்ன செய்வது?

இவ்விடத்தில் கதை ஒரு திருப்பத்தை மேற்கொள்கிறது. கிறிஸ்டியனின் இளமை நண்பனாகிய சமையற்காரன் கிம், பணிப்பெண்களை ஏவி விருந்தினரின் அறைகளிலிருந்து மகிழுந்துச் சாவிகளை எடுத்து மறைக்கச் செய்கிறான். எவரும் வெளியேற வழியில்லை. நகைப்பிற்கிடமான சூழ்ச்சி போலத் தோன்றும் இது, உண்மையில் கதையின் அச்சாணி. சான்று கூறுபவனுக்குத் தேவைப்பட்டது நீதிமன்றமன்று. எழுந்து போக முடியாத ஓர் அவை. அதனை அமைத்துக் கொடுத்தவர் உறவினர் அல்லர், சமையற்கட்டில் இருந்தோர். அவ்வீட்டில் நடந்ததை அறிந்திருந்தோரும் அவர்களே.

கிறிஸ்டியன் மீண்டும் எழுகிறான். சகோதரி லிண்டாவின் சாவுக்குத் தந்தையே காரணம் என்கிறான். தாய் எல்ஸே எழுந்து, இவன் சிறுவயதிலிருந்தே கற்பனை மிக்கவன் எனக் கனிவாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்கச் செய்ய முயல்கிறாள். அப்போது, தாய் ஒருமுறை கதவைத் திறந்து அனைத்தையும் கண்டும் திரும்பிச் சென்றதை அவன் வெளிப்படுத்துகிறான். அவனை இழுத்துச் சென்று காட்டில் மரத்தோடு கட்டுகின்றனர். அதன் நடுவே ஹெலனவின் நண்பனாகிய கறுப்பின இளைஞன் பாட்டோகாய் வந்து சேர, மிக்கேல் அவனை இழிவுபடுத்தும் பழைய பாட்டொன்றைத் தொடங்க, மேசையே திரண்டு அதனைப் பாடுகிறது. ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைக் கேட்டபோது ஒரு சொல்லும் கிட்டாத வாய்களுக்கு இப்பாட்டின் ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. டேனிஷ் பார்வையாளர்க்கு இக்காட்சி தந்த கூச்சம் பிறநாட்டினரால் முற்றும் உணரத்தக்கதன்று. ஏனெனில் அப்பாட்டு அந்நாட்டில் சிறுவர் பாட்டாகப் பலரும் அறிந்தது. திரையில் பாடியோரைப் பழிக்கும்போதே, திரைக்கு எதிரே இருந்தோர்க்கும் அடுத்த அடி தெரிந்திருந்தது.

இறுதியில் லிண்டா எழுதி மறைத்து வைத்திருந்த கடிதத்தை ஹெலன மேசையில் வாசிக்கிறாள். அதன்பின்னரே அவை நம்புகிறது. உயிரோடிருப்பவன் மும்முறை சொல்லியும் நம்பாதவர்கள், இறந்தவள் ஒருமுறை எழுதியதை நம்புகின்றனர். கடிதம் கிட்டியிராவிடின் என்னவாகியிருக்கும் என்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை. பார்த்தோர் பலரும் அதனைத் தம்மோடு வீட்டிற்குக் கொண்டு சென்றிருத்தல் கூடும்.

இருளில் இருந்தோர்

1998 மே மாதம் கான் திரைப்பட விழாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நடுவர் குழுப் பரிசு, பிரெஞ்சு இயக்குநர் குளோது மில்லரின் படத்துடன் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே விழாவில் வான் டிரையரின் ‘இடியட்டர்ன’ என்னும் இரண்டாம் டோக்மா படமும் இடம்பெற்றது. அறிவுத்திறன் குன்றியோர் போல நடிக்கும் குழுவொன்றைப் பற்றிய அப்படத்தைக் கண்டு சினமுற்ற பிரித்தானியத் திறனாய்வாளர் மார்க் கெர்மோடு, திரையிடலின் நடுவே பிரெஞ்சு மொழியில் கூச்சலிட்டு வெளியேற்றப்பட்டார். இதனை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரே உறுதிமொழியிலிருந்து பிறந்த இரு படங்களுள் ஒன்றைச் சிலர் வைதனர். மற்றொன்றைப் பெரும்பாலோர் தழுவிக்கொண்டனர். வேறுபாடு விதிகளில் இல்லை. ‘இடியட்டர்ன’ பார்வையாளரைக் குற்றவாளிக் கூண்டில் நேராக நிறுத்தியது. ‘ஃபெஸ்டன்’ அவர்களை முதலில் விருந்துக்கு அழைத்தது.

அவ்வாண்டின் இறுதியில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலீஸ் ஆகிய இரு நகரங்களின் திறனாய்வாளர் அமைப்புகளும் அதனைச் சிறந்த பிறமொழிப் படமாகத் தேர்ந்தன. டென்மார்க்கின் போடில், ராபர்ட் ஆகிய இரு விருதுகளும் 1999இல் சிறந்த டேனிஷ் படம் என அதனைச் சிறப்பித்தன. விருதுப் பட்டியலைக் காட்டிலும் பயன்தரும் குறிப்பொன்றை அமெரிக்கத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் விட்டுச் சென்றுள்ளார். கேலிக்கூத்தும் அவலமும் பிரிக்க இயலாதவாறு இப்படத்தில் கலந்துள்ளன என்றும், அரங்கில் எங்கோ ஒரு சிறு சிரிப்பு எழுந்து, இது சிரிப்பதற்குரிய காட்சிதானா என்னும் ஐயத்தால் உடனே அடங்கிவிடுகிறது என்றும் அவர் எழுதினார்.

எழுந்து அடங்கிய அச்சிரிப்பு ஆராயத்தக்கது. மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர், நகையும் அச்சமும் வெவ்வேறு நிலைக்களன்களில் பிறப்பதாகக் காட்டுவார். எள்ளலாலும் அறியாமையாலும் நகை பிறக்கும். ‘ஃபெஸ்டன்’ படத்தின் தனித்தன்மை, நகைக்குரிய நிலைக்களனிலேயே அச்சத்தை நட்டு வளர்த்ததாகும். சாவி தேடி அலையும் விருந்தினர், எதற்கும் அசையாமல் அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கும் விழா நடத்துநர், கதவிற்கு வெளியே தள்ளப்பட்டும் திரும்பத் திரும்ப உள்ளே வரும் மகன் ஆகியோர் எல்லாம் கேலிக்கூத்தின் உறுப்புகள். சிரித்த பார்வையாளர், தாமும் மேசையில் இருந்தோரைப்போல உரையைக் கடந்துசெல்ல வழி தேடியதை அக்கணத்தில் உணர்ந்தனர். சிரிப்பு அடங்கியதற்குக் காரணம் அவைக்கூச்சம் அன்று. அடையாளம் காணப்பட்டுவிட்டோம் என்னும் உணர்வே எனக் கொள்வது பொருந்தும்.

டேனிஷ் பார்வையாளர்க்கு வேறொரு சுமையும் இருந்தது. ஹெல்கேயாக நடித்த ஹென்னிங் மோரிட்சன், நாடக மேடையிலும் திரையிலும் ஒரு தலைமுறைக்கு மேல் அந்நாட்டினர் அறிந்து விரும்பிய நடிகர்; இங்மர் பெர்க்மனின் 1972ஆம் ஆண்டுப் படமாகிய ‘கூக்குரல்களும் கிசுகிசுப்புகளும்’ வழியே வெளிநாட்டினரும் அறிந்தவர். கொடியவனாக ஒரு கொடிய முகத்தைக் காட்டியிருப்பின் நம்புதல் எளிது. நம்பிப் பழகிய முகமாதலின், விருந்தினரின் தயக்கத்தைப் பார்வையாளரும் சிறிது நேரமாவது பகிர்ந்துகொண்டனர்.

முன்னோடி அவைகள்

குடும்பத்தின் மூடிய கதவைத் திறந்து காட்டிய படைப்பை வடபுல ஐரோப்பிய அவைகள் எதிர்கொண்டது அதுவே முதன்முறையன்று. 1879 டிசம்பர் 21ஆம் நாள் கோப்பன்ஹேகன் அரச அரங்கில் இப்சனின் ‘பொம்மை வீடு’ முதன்முதலாக மேடையேறியது. நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறிய ஒலி அரங்கைக் கடந்து இல்லங்கள்தோறும் கேட்டது. ஜெர்மானிய நடிகை ஹெட்விக் நீமன்-ராபே, தாம் ஒருபோதும் குழந்தைகளை விட்டுச் செல்ல மாட்டார் எனக் கூறி அவ்விறுதிக் காட்சியில் நடிக்க மறுத்தார். பிறர் திருத்துவதினும் தாமே திருத்துவது மேல் எனக் கருதிய இப்சன், மனம் ஒப்பாமலே மாற்று முடிவொன்றை எழுதிக் கொடுக்க நேர்ந்தது. பார்வையாளரின் எதிர்வினை படைப்பின் முடிவையே மாற்றிய அரிய நிகழ்ச்சி இது.

‘ஃபெஸ்டன்’ படத்திற்கு இன்னும் நெருங்கிய உறவு ‘ஆவிகள்’ நாடகத்தோடு உண்டு. அதிலும் ஒரு நினைவு விழா. அதிலும் ஊரார் போற்றும் ஒரு தந்தை. இறந்துபோன கேப்டன் ஆல்விங்கின் பெயரால் அநாதை இல்லம் திறக்கப்படவிருக்கும் வேளையில், அவரது ஒழுக்கக்கேட்டின் விளைவு மகனின் உடலில் நோயாக வெளிப்படுகிறது. 1881இல் நூலாக வந்தபோது ஸ்காண்டிநேவிய அரங்குகள் அதனை ஏற்க மறுத்தன. விற்பனையாளர் படிகளைத் திருப்பி அனுப்பினர். உலகில் அது முதன்முதல் மேடையேறியது அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், 1882 மே மாதம் சிகாகோவில் குடியேறிய வடபுலத்தாரிடையே. 1891இல் இலண்டனில் உறுப்பினர்க்கு மட்டுமான தனிக்காட்சியாக நடத்தப்பட்டபோது இதழ்கள் சொரிந்த வசைகளை எல்லாம் வில்லியம் ஆர்ச்சர் தொகுத்து அச்சிட்டார். அவ்வசைகள் இன்று நகைப்பிற்குரியனவாய்விட்டன. எனினும் அவற்றை எழுதியோர் கெட்டவர் அல்லர். தந்தையின் பெயரைக் காப்பது குழந்தையின் உடலைக் காப்பதினும் பெரிது என நம்பியிருந்த பண்பட்ட மக்கள் அவர்கள். ஹெல்கேயின் விருந்தினரும் அவ்வாறே நன்கு உடுத்திய, நன்கு பேசத் தெரிந்த மக்கள்.

நூறாண்டுகளுக்குப் பின் ‘ஃபெஸ்டன்’ வந்தபோது வசை இல்லை, கைதட்டல் இருந்தது. இதனை முன்னேற்றம் எனக் கொள்ளலாம். ஆயினும் ஓர் ஐயம் எழாமலில்லை. இப்சன் காலத்து அவை, நாடகம் தன்னைப் பற்றியது என்பதை உணர்ந்தமையால் சினந்தது. கைதட்டிய அவை தன்னைக் கிறிஸ்டியனின் பக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டியது. மேசையின் மறுபுறத்தில் தன்னை வைத்துப் பார்த்தோர் எத்தனை பேர்?

அரங்கும் மேடையும்

திரையின் கதை விரைவில் மேடைக்குச் சென்றது. ஜெர்மானிய நாடுகளில் பல அரங்குகள் அதனை ஏற்றன. ஆங்கிலத்தில் டேவிட் எல்ட்ரிஜ் எழுத, ரூஃபஸ் நோரிஸ் இயக்கிய நாடகம் 2004இல் இலண்டன் அல்மேய்டா அரங்கில் பெரும் வரவேற்பைப் பெற்று, நகரின் பெரிய வணிக அரங்கிற்கும் சென்றது. அதே இயக்குநர் 2006 ஏப்ரலில் அதனை நியூயார்க் பிராட்வேயில் வேறு நடிகருடன் மேடையேற்றியபோது 49 காட்சிகளோடு நின்றுபோயிற்று. இதற்குக் காரணம் பலவாகலாம். ஒன்று மட்டும் கருதத்தக்கது. திரைப்படத்தில் கையேந்திய கருவி விருந்தினரின் முகங்களுக்கிடையே புகுந்து சென்றது; பார்வையாளர் மேசையில் ஓர் இருக்கை பெற்றனர். மேடையில் அவ்விருக்கை கிட்டுவதில்லை. நடிகரின் அடக்கம் ஒன்றே அதற்கு ஈடு. குரல் சற்று உயர்ந்தாலும் கதை வழக்கமான குடும்பச் சண்டையாகிவிடும். 2025 பிப்ரவரியில் இலண்டன் அரச இசைநாடக அரங்கில் மார்க்-அந்தோனி டர்னேஜ் இசையமைத்து, லீ ஹால் பாடல் உரை எழுதிய இசைநாடகமாகவும் இது உருப்பெற்றது. பின்னணி இசையை விலக்கிப் பிறந்த கதை, முற்றும் இசையாகவே மாறியது காலத்தின் விளையாட்டு.

இந்தியாவில் 2001இல் வெளிவந்து வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் பெற்ற மீரா நாயரின் ‘மான்சூன் வெட்டிங்’ படத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். கையேந்திய கருவியால் குறுகிய நாள்களில் எடுக்கப்பட்ட அப்படத்திலும் திருமண வீடு, திரண்ட சுற்றம், குடும்பத்திற்குப் பொருளுதவி செய்யும் மூத்த உறவினர், அவரால் சிறுவயதில் கொடுமைக்குள்ளான பெண் ஆகியோர் உளர். அங்கு வீட்டுத் தலைவர் அவளை நம்பி, உறவினரை வெளியேற்றுகிறார். அம்முடிவு பார்வையாளர்க்கு ஆறுதல் தந்தது. டேனிஷ் படம் அவ்வாறுதலை எளிதில் தரவில்லை. மறுநாள் காலை உணவுக்கு ஹெல்கே வந்து, தம் தவற்றை ஒப்புக்கொண்டு, மகன் நன்றாகப் போராடினான் எனப் பாராட்டவும் செய்கிறார். உணவருந்த வேண்டும், தாங்கள் செல்லலாம் என்று இளைய மகன் சொல்ல, எழுந்து போகிறார். தாய் அமர்ந்தே இருக்கிறாள்.

கதை பிறந்த கதை

இவ்வரலாற்றில் மிகவும் சங்கடமான பகுதி இனிதான் வருகிறது. படம் எடுக்கப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் டேனிஷ் வானொலி நிகழ்ச்சியொன்றில் ஒருவர் தம் பெயரை மறைத்துப் பேசினார். குடும்ப விருந்தில் எழுந்து, தாமும் இறந்த சகோதரியும் பட்ட கொடுமையைத் தாம் வெளிப்படுத்தியதாக அவர் கூறினார். அதனைப் பற்றிக் கேள்வியுற்றே விண்டர்பெர்க் இக்கதையை உருவாக்கினார். படம் உலகப் புகழ் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, வானொலியாளர் ஒருவர் அம்மனிதரைத் தேடிக் கண்டார். அவ்விருந்து நடைபெறவே இல்லை, கதை புனைந்துரைக்கப்பட்டது என்பது வெளிப்பட்டது.

கேட்டோர் நம்பினரா என்பதையே பொருளாகக் கொண்ட படம், நம்பத்தகாத ஒரு சொல்லின்மேல் எழுந்தது என்பது கசப்பான முரண். இதனைப் பிடித்துக்கொண்டு, குற்றம் சாட்டுவோர் எல்லாரும் புனைபவரே என வாதிடுவது பெரும் அநீதியாகும். ஹெல்கேயின் மனைவி விருந்தில் செய்ததும் அதுவே. அதேவேளை, கலையில் உண்மை வேறு, நிகழ்ச்சி உண்மை வேறு என்று எளிதாகச் சொல்லிக் கடந்துவிடவும் இயலவில்லை. அப்படத்தைக் கண்டு தம் வாழ்வின் மறைத்துவைத்த பக்கத்தை முதன்முறையாகப் பிறரிடம் சொன்னவர்களுக்குக் கதையின் மூலம் பொய் என்னும் செய்தி எவ்வாறு ஒலித்திருக்கும்? அவர்கள் சொன்னது பொய்யன்றே. புனைந்த ஒருவரின் சொல் ஊர் முழுதும் கேட்கப்பட, மெய்யாகவே பட்டவர்களின் சொல் கேளாமற்போவது உலக இயல்பாயிருப்பின், அதற்குரிய பழி புனைந்தவரையன்றி, கேட்கும் முறையையே சாரும்.

பார்வையாளர் ஒருவரின் எதிர்வினை இயக்குநரின் வாயில்வரை வந்த நிகழ்ச்சியும் உண்டு. 1999ஆம் ஆண்டின் குளிர்கால இரவொன்றில், ‘ஃபெஸ்டன்’ படத்தைக் கண்டிருந்த குழந்தை உளவியலாளர் ஒருவர் விண்டர்பெர்க்கின் வீட்டுக் கதவைத் தட்டினார். குழந்தைகளின் சொல்லைப் பெரியோர் தம் அச்சத்தால் திரித்துக்கொண்ட வழக்குகள் பற்றிய ஆவணங்களை அவர் கையில் கொடுத்து, இன்னொரு படம் எடுக்க வேண்டியுள்ளது என்றார். இயக்குநர் அவற்றை வாங்கி வைத்தாரேயன்றிப் படிக்கவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே திறந்து பார்த்தார் என்பதை அவரே பின்னர்ப் பலமுறை கூறியுள்ளார். அவ்வாறு பிறந்தது 2012இல் வெளிவந்த ‘யாக்டன்’, அதாவது வேட்டை. சிற்றூர் ஒன்றின் மழலையர் பள்ளிப் பணியாளர்மீது ஒரு குழந்தை விளையாட்டாய்ச் சொன்ன சொல்லை ஊரே உடனே நம்பிவிடுகிறது. அவர் குற்றமற்றவர் என்பது பார்வையாளர்க்கு முதலிலிருந்தே தெரியும். அப்பாத்திரத்தில் நடித்த மாட்ஸ் மிக்கல்சன் அவ்வாண்டு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

முதல் படத்தின் அவை உண்மையைக் கேட்டும் நம்ப மறுத்தது. இரண்டாம் படத்தின் ஊர், உண்மையல்லாததைக் கேட்ட அளவிலேயே நம்பியது. இரண்டிலும் எவரும் நிதானித்து வினவவில்லை. ‘யாக்டன்’ இறுதியில் வழக்கு முடிந்து, ஊரார் பழகிய முகத்தோடு அவரை ஏற்றுக்கொள்கின்றனர். விருந்தும் நடக்கிறது. பின்னர்க் காட்டில் வேட்டைக்குச் செல்கின்றனர். மரங்களுக்கிடையே எங்கிருந்தோ ஒரு குண்டு அவரது தலையை உரசிச் செல்கிறது. திரும்பிப் பார்க்கிறார். கதிரவன் எதிரே நிற்கும் ஓர் உருவம் துப்பாக்கியில் மீண்டும் குண்டை ஏற்றுகிறது. பின்னர்ச் சுடாமல் விலகிச் செல்கிறது. ஒளி கண்ணைக் கூசச் செய்வதால் அது எவர் என்பது அவருக்கும் தெரிவதில்லை. அரங்கில் இருப்போர்க்கும் தெரிவதில்லை.